கியர்த் தடி இறுகிய கதை

அன்பின் மச்சான்,

நீ சித்திரையில் எழுதிய கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் ஒரேயடியாகத் திட்டி முடித்துவிட்டு மேலே வாசி. இங்கே எல்லோரும் சுகம். பெரியமாமியின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது; நடக்கத் தொடங்கிவிட்டார், ஆகவே எங்கள் வீட்டுச் சமையலுக்குக் குறை சொல்லவும் தொடங்கிவிட்டார்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் படகு. நீ வாங்காதே என்று மறித்த அதே படகுதான். "எஞ்சின் வள்ளத்துக்கு வெளியே தொங்கினால் அதற்கும் காற்று, உனக்கும் நிம்மதி" என்று நீ அன்று எழுதியதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. இந்த இரண்டு மாதத்தில் அதை எனக்குப் பல தடவை சொல்லிக் காட்டிவிட்டாள். உன் வெளி எஞ்சினில் எல்லாம் ஒரே உடம்பாக இருக்கிறது. என்னுடையதில் 4.3 லீற்றர் எஞ்சின் படகுக்குள்ளே இருக்க, கியரும் சுழலியும் (புரொப்பெல்லர்) பின்பலகைக்கு வெளியே, தண்ணீருக்குள் இறங்கிய காலில் இருக்கின்றன. உள்ளே நாம் தள்ளும் கியர்த் தடி வெளியே இருக்கும் கியரை அசைக்க வேண்டுமானால் ஒரு கேபிள் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு போயே ஆகவேண்டும். என் வில்லங்கமெல்லாம் அந்த ஒரு கேபிளில்தான்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை, இங்கே ஒன்ராறியோவில் உள்ள சிம்கோ ஏரியிலிருந்து ட்ரென்ட்-செவர்ன் நீர்வழிக்குள் ஏறி, 1907இல் திறந்த கேர்க்ஃபீல்ட் தூக்குப் பூட்டைப் பார்க்கப் புறப்பட்டோம். படகைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 15 மீற்றர் தூக்கிவிடும் அதிசயம் அது. நீ வந்தால் கட்டாயம் காட்டுவேன். ஏரியிலிருந்து போகும்போது முதலில் வருவது கேம்பிரிட்ஜில் (Gamebridge) உள்ள 41ஆம் இலக்கப் பூட்டு; பூட்டு என்றால், படகை உள்ளே விட்டுக் கதவடைத்து, தண்ணீரைக் கூட்டிக் குறைத்து ஏற்றி இறக்கும் தொட்டி. (உன் மூத்தவள் கனவு காணும் கேம்பிரிட்ஜ் அல்ல, இது வயலும் மாடுமாக உள்ள சிற்றூர்.) பூட்டுக்குள் போக விரும்புகிறவர்கள் சுவரில் நீல வர்ணம் தீட்டிய இடத்தில் படகைக் கட்டிக் காத்திருக்க வேண்டும். சுக்கானில் மகன் இருந்தான். பதினேழு வயது, என்னைவிட நிதானமாக ஓட்டுபவன். நீலக் கோட்டை நெருங்கியபோது தடியை நடுவுக்கு இழுத்தான். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. பின்கியர் இல்லாத படகுக்குப் பிரேக் ஏது? வந்த வேகத்திலேயே போய்க் கொங்கிறீற் சுவரை உரசியது. நான் காலை நீட்டி உதைத்ததால், முன்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறலோடு தப்பினோம்.

அதன் பிறகு நான் செய்ததுதான் உனக்கு எழுத வேண்டியது. சுற்றிவர நின்ற ஏழெட்டுப் படகுக்காரர்களுக்கு முன்னால், கியர் போடத் தெரியாதவன் என்று அவனை ஏசினேன். "தடி இறுக்கமாக இருக்கிறது அப்பா" என்றான். இறுக்கம் தடியில் இல்லை, வலு இல்லாதது உன் கையில்தான் என்றேன். அவன் அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். காபரேற்றர் அழுக்கு என்றார், கழற்றிக் கழுவினார், எஞ்சினின் ஓய்வு வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டார், முந்நூறு டொலரை வாங்கிக்கொண்டார். எஞ்சின் மட்டும் முன்போலவே நின்றது. அதன் பிறகு நம் பழைய வைத்தியத்துக்கு இறங்கினேன். பெற்றோல் தடையாக இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய உன் அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குக் கிளச் வயரை நிமிர்த்திப் பிடித்து, கடதாசிப் புனலால் தேங்காயெண்ணெய் விட்டோமே, அதே வித்தைதான். கராச்சு அண்ணை கண்டிருந்தால் பின்னந்தலையில் தட்டியிருப்பார். கிளச் வயர் இரண்டு பக்கமும் திறந்தது. இந்தக் கேபிளோ உள்ளே பிளாஸ்ரிக் குழாய் பூசியது, ஒரு முனை கியர்க்காலுக்குள் புதைந்தது. விட்ட எண்ணெய் முழுவதும் படகின் அடித்தட்டில்தான் தேங்கியது.

சோதனைக்கு வழி சொன்னவன் மகன். எஞ்சினுக்குப் பக்கத்தில் இரண்டு கேபிள்கள் ஒரு தகட்டில் சந்திக்கின்றன: ஒன்று தடியிலிருந்து வருவது, மற்றது காலுக்குப் போவது. இரண்டையும் தகட்டிலிருந்து கழற்றிவிட்டுத் தடியைத் தள்ளச் சொன்னான். பூப்போல நகர்ந்தது. கீழ்க்கேபிளைக் கையால் பிடித்து இழுத்தேன். மாட்டுக் கயிற்றை இழுப்பதுபோல இருந்தது. எஞ்சின் ஏன் நின்றது என்பதும் அப்போதுதான் விளங்கியது. இந்த வகைக் காலில் கியர்ப் பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். பாரம் இருக்கும்போது பிரியாது. ஆகவே தடி இறுகினால் அந்தத் தகட்டில் உள்ள ஒரு சுவிச் அழுந்தி, தீப்பொறியை ஒரு கணம் நிறுத்தி, பற்களுக்கு விடுதலை கொடுக்கும். கேபிளே இறுகிக் கிடந்தால் சுவிச்சுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? அழுந்தியது அழுந்தியபடியே நிற்க, பொறி வராமல் எஞ்சின் செத்துவிடும். எஞ்சினை நிறுத்தியவன் மகன் அல்லன்.

படகுக் கடையில் கேட்ட கூலிக்கு நீ ஒரு பழைய வள்ளமே வாங்கலாம். நாங்களே செய்தோம். தடியை முன்கியரில் வைத்து, காலைத் தூக்கி இறக்கும் உருளைகளின் ஊசிகளை உருவி, பக்கத்துக்கு மூன்றாக ஆறு நட்டுகளைக் கழற்றிக் காலை இறக்கினோம். கல்யாணவீட்டுக் கிடாரத்தைத் தூக்கிய உன் முதுகு இருந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும். கால் கழன்ற பிறகும் கேபிள் இறுக்கமாகவே இருந்ததால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகம் எஞ்சவில்லை. பழையதை வெட்டியபோது, பின்பலகைக்குப் பக்கத்து வளைவில் மேலுறை வெடித்திருந்தது தெரிந்தது; தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. அந்த வெடிப்பினூடாக இறங்கிய தண்ணீர் மாரியில் உறைந்து, கோடையில் துருவாகி, உள்கம்பியை ஊதவைத்திருக்கிறது. கேபிளை மூடியிருந்த சின்ன ரப்பர் உறையும் கிழிந்திருந்தது. கேபிள் மட்டும் மாற்றி உறையை விட்டிருந்தால் அடுத்த வருடம் இதே கடிதத்தை உனக்கு எழுதியிருப்பேன்.

புதியதைக் கோத்தது ஒரு மணித்தியால வேலை. அளவு வைத்ததற்கு ஒரு மாலை முழுவதும் போனது. முன்கியரில் பற்கள் முழுதாகக் கவ்வ வேண்டும் என்பதற்காக மகன் சுழலியைத் திருப்பிக்கொண்டே இருக்க, நான் கேபிளின் பித்தளை உருளையின் நடுவுக்கும் முனைத் துளைக்கும் இடையே 6 அங்குலம் அளந்து நிறுத்தினேன். சுழலி ஒரு பக்கம் டக்டக்கென்று வழுக்க, மறுபக்கம் திருப்பினால் பூட்டிக்கொண்டது. "இப்போது கவ்விவிட்டது" என்று அவன் சொன்னபோதுதான், என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசி மூன்று வாரம் ஆகிறது என்பது உறைத்தது.

மச்சான், அந்தத் தடி ஒரே நாளில் இறுகவில்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருக்கிறது. என் கையும் அதற்கு ஏற்றாற்போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் பலத்தைக் கொடுத்துப் பழகியிருக்கிறது. அவன் எப்போதாவது பிடிப்பவன், அதனால் அவனுக்குத் தெரிந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டே கேட்டேன். "பரவாயில்லை அப்பா, நட்டை இறுக்குங்கள்" என்றான். ஆறையும் 50 இறாத்தல்-அடிக்கு அவனையே இறுக்கச் சொன்னேன்.

போன ஞாயிறு மறுபடியும் கேம்பிரிட்ஜ் போனோம். சுக்கானை அவனிடம் கொடுத்துவிட்டு நான் கயிற்றோடு முன்னால் நின்றேன். நடுக்கியர் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேர்க்ஃபீல்ட் வரை போக நேரம் போதவில்லை. ஐப்பசி நடுவில் பூட்டுகளை மூடிவிடுவார்கள், அதற்கு முன் ஒரு தடவை பார்க்கலாம் என்றிருக்கிறோம்.

உன் விசா விண்ணப்பம் என்னவாயிற்று? அடுத்த ஆடிக்கு வருவதாக இருந்தால் இப்போதே எழுது. மேலறையைச் சாமான்களிலிருந்து மீட்க எனக்குப் பல மாதம் வேண்டும். பனங்கட்டி ஒரு குட்டான் போதும், போன முறைபோல நான்கு கொண்டுவந்து சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாதே. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன் சொல் கேளாத நண்பன்