தொழில் வளர் காப்பகங்கள் டிப்ளமோ இளைஞர்களுக்கும் திறக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு இடமும் ஆய்வக வசதியும் வழிகாட்டலும் தந்து வளர்க்கும் தொழில் வளர் காப்பகங்கள் (இன்குபேட்டர்கள்) கல்லூரிகளில் இயங்குகின்றன. அவற்றைப் பற்றிய செய்திகளில், எத்தனை புத்தொழில்கள் பதிவாயின, எத்தனை லட்சம் ரூபாய் நிதி வழங்கப்பட்டது என்ற கணக்கு தவறாமல் இடம்பெறுகிறது. அவற்றால் எத்தனை இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வேலை நிலைத்திருக்கிறதா என்ற கணக்கு அரிதாகவே கண்ணில் படுகிறது.

இந்த ஏற்பாடே வேலையின்மையிலிருந்து பிறந்தது. 1959-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள படேவியா நகரில், மூடிக்கிடந்த வேளாண் இயந்திரத் தொழிற்சாலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் சிறுதொழில் செய்வோருக்கு ஜோசப் மன்குசோ வாடகைக்கு விட்டார். குடிவந்தவர்களுள் கோழிப் பண்ணைத் தொழில் செய்த நிறுவனமும் ஒன்று; முட்டை பொரிக்கும் கருவியைக் குறிக்கும் ‘இன்குபேட்டர்’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது என்பார்கள். எங்கள் திருச்சியிலும், அன்றைய மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டி 1986-இல் தொடங்கப்பட்ட டிரெக்-ஸ்டெப் என்ற காப்பகம், இந்திய அளவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பாய்லர் ஆலையை நம்பித் துவாக்குடியைச் சுற்றி வளர்ந்த பட்டறைகள் ஆர்டர் குறைந்தபோது பட்ட பாட்டைக் கண்ட எங்களுக்கு, புதிய தொழில்கள் ஏன் தேவை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாலிடெக்னிக்கில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர், நெல்லின் ஈரப்பதத்தை அளக்கும் சிறு கருவியை மலிவாகச் செய்ய முனைந்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை வாங்காமல் நிறுத்திவிடுவார்கள் என்பதால், களத்திலேயே அளந்து பார்க்க வழியிருந்தால் அலைச்சல் மிச்சம் என்பது விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான அவர் அனுபவத்தில் கண்டது. அவருக்குத் தேவைப்பட்டவை, அளவீட்டைச் சரிபார்க்க ஓர் ஆய்வகமும், சர்க்யூட் பலகையைத் திருத்திக் கொடுக்க அனுபவமுள்ள ஒருவருமே. அவர் அணுகிய கல்லூரிக் காப்பகமோ, முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்து வரும்படியும், திட்டத்தை ஆங்கிலத்தில் விளக்கும்படியும் கூறியது. இரண்டுக்கும் வழியில்லாத அவர் இன்று ஸ்ரீபெரும்புதூரில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்தக் கருவி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது.

காப்பகங்களால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சென்னை ஐ.ஐ.டி. காப்பகத்தில் வளர்ந்த, 2013-இல் நிறுவனமான ஏத்தர் எனர்ஜி, 2018-இல்தான் தன் முதல் மின் ஸ்கூட்டரை வாடிக்கையாளரிடம் சேர்த்தது. ஓசூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது அதற்கும் பிறகு. அந்தத் தொழிற்சாலையில் வேலை பெறுவோர் பெரும்பாலும் டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் படித்தவர்களாகவே இருப்பார்கள். ஆகவே, ஓராண்டுக்குள் பதிவுச் சான்றிதழ்களை எண்ணிப் பார்த்து வெற்றி என்று அறிவிப்பது இத்தொழிலின் இயல்புக்கே பொருந்தாது. எண்ண வேண்டியது ஐந்தாண்டு கழித்துச் சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர்களை.

புத்தொழில்களுக்கான மத்திய அரசின் விதைநிதித் திட்டம் 2021-இல் 945 கோடி ரூபாயில் தொடங்கப்பட்டு, மாதிரி உருவாக்கத்துக்கு ஒரு நிறுவனத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தர வழிசெய்தது. அந்தப் பணம் காப்பகங்களின் வழியாகவே சென்றது. ஆனால் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு மட்டுமே. பதிவுக்கு முந்தைய ஆறு மாதங்களில்தான் என் மாணவரைப் போன்றவர்கள் உதிர்ந்துவிடுகிறார்கள். பொதுப் பணம் பெறும் ஒவ்வொரு காப்பகமும் வாரத்தில் இரண்டு நாளாவது தன் ஆய்வகத்தையும் பட்டறையையும் பதிவு கேட்காமல் வெளி இளைஞர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அவர்களின் யோசனையைத் தமிழிலேயே கேட்க வேண்டும். உருவான வேலைகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் தன் அறிவிப்புப் பலகையில் வெளியிட வேண்டும். இவற்றை நிதி வழங்கும் நிபந்தனையாகவே மத்திய, மாநில அரசுகள் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.