டேப் பெட்டியின் மேல் இன்னொரு தேதியும் வேண்டும்

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுரையில் செல்போனும் டேப்பும் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். டேப்போடு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்குச் செலவு பண்ணலாமா, இல்ல எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?" பழுது எங்கே என்று திறந்து பார்த்துச் சொல்லிவிடுவேன். ஆனால் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்கு ஒரு விவரம் தேவை. அது டேப்பிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை, பில்லிலும் இல்லை. மென்பொருளில் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் பாதுகாப்பு அப்டேட், இந்த மாடலுக்கு எந்த மாதம், எந்த வருடம் வரை வரும் என்பதுதான் அது. அந்தத் தேதியைப் பெட்டியின் மேல் அச்சிட வைக்கும் அதிகாரம் உங்கள் துறையிடம் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

செல்போன் பாக்கெட்டிலிருந்து விழும், மழையில் நனையும், மூன்று நான்கு வருடத்தில் எங்காவது அடிபட்டுவிடும். டேப் அப்படியில்லை. உறை போட்டு வீட்டிலேயே இருக்கும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் படம் பார்ப்பார்கள். ஐந்தாறு வருடம் ஆகியும் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாத டேப்கள் என் மேசைக்கு வருகின்றன. உடம்பு நன்றாக இருக்கும், மென்பொருளின் காலம்தான் முடிந்திருக்கும். 2020-இல் பள்ளிகளை மூடியபோது ஆன்லைன் வகுப்புக்காகக் கடன்பட்டுகூட வாங்கிய டேப்கள் பல இப்போது இந்தக் கட்டத்தில் நிற்கின்றன.

2019-இல் வெளியான ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு, அதன் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ், 2024-இன் 18-ஆம் பதிப்பு வரை வந்தது. 2025-இல் வந்த அடுத்த பதிப்பான ஐபேட்ஓஎஸ் 26 அதற்கு இல்லை. ஆண்ட்ராய்டு பக்கம், அதே 2025-இல் குரோம் உலாவி ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டையும் விட்டுவிட்டது. 139-ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு 10 இருந்தால்தான் ஏறும். வைத்திருப்பவருக்கு இது எப்போது தெரிகிறது? ஏதோ ஒரு செயலி "உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது" என்று சொல்லும்போதுதான். சாம்சங் தன் கேலக்ஸி டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு வருட அப்டேட் என்று 2024-இல் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் எத்தனை வருடம் என்று ஒரு வார்த்தைகூட எழுதாத டேப்களும் கடைகளில் விற்கின்றன. இரண்டு பெட்டிகளையும் கையில் வைத்துப் பார்க்கிற ஒருவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

ஒரு டேப் கைக்கு வந்ததும் நான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதில்லை. முதலில் செட்டிங்ஸில் போய், 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்' என்ற வரியைப் பார்ப்பேன். அதில் ஒரு தேதி இருக்கும். ஆனால் அது கடைசியாக வந்த அப்டேட்டின் தேதி. இனிமேல் வருமா என்பதை அந்த வரி சொல்லாது. எட்டு மாதமாக எதுவும் வரவில்லை என்றால், நிறுவனம் தாமதிக்கிறதா, அல்லது கைகழுவிவிட்டதா? அந்த மாடலின் பெயரை வைத்து நிறுவனத்தின் தளத்தில் தேடுவேன். சில நிறுவனங்கள் பட்டியல் போட்டிருக்கின்றன. சிலவற்றில் நம் ஊரில் விற்கும் மாடல் எண்ணே பட்டியலில் இருக்காது. தொழிலிலேயே இருக்கிற எனக்கே இப்படி என்றால், பென்ஷன் பணத்தில் பேரனுக்கு டேப் வாங்கும் ஒரு தாத்தா எங்கே போய்த் தேடுவார்?

இதைவிட எனக்கு ஆற்றாமையாக இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. பண்டிகைத் தள்ளுபடியில் விற்கும் பழைய மாடல்கள்.

செல்போன் மாடல்கள் சீக்கிரம் மாறிவிடுகின்றன. டேப் மாடல்கள் கடை அலமாரியில் நீண்ட நாள் இருக்கும். 2021-இல் வெளியான ஒரு மாடலுக்கு நான்கு வருட அப்டேட் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடிகாரம் வெளியான நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். 2024 தீபாவளிக்கு அதை வாங்குகிறவருக்கு மிச்சம் ஒரு வருடம்தான். ஆனால் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், உங்கள் விதிப்படி அச்சிட்ட தயாரிப்பு மாதம் இருக்கும்: 2024 ஆகஸ்ட். வாங்குகிறவர் என்ன நினைப்பார்? இப்போதுதான் தயாரான புத்தம்புதுப் பொருள் என்றுதான் நினைப்பார். அச்சிட்டது உண்மைதான், அதில் பொய்யில்லை. ஆனால் அந்த உண்மை அவருக்குத் தவறான நம்பிக்கையைத் தருகிறது. நுகர்வோரின் பாதுகாப்புக்காக நீங்கள் கேட்டு வாங்கிய தேதியே அவரை ஏமாற வைக்கிறது. பாதி விலைக்குக் கிடைத்தது என்று மகிழ்ச்சியோடு வாங்கிப்போனவர், ஒன்றரை வருடம் கழித்து என் கடைக்கு வந்து "புதுசுதானே, அதுக்குள்ள ஏன் இப்படி?" என்று கேட்கிறார். டேப்பில் ஒரு பழுதும் இருக்காது.

சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வரும் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் உங்கள் துறையின் கையில்தான் இருக்கின்றன. தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், எந்த நாட்டில் செய்தது, புகாருக்கு யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் அதன்படிதான் பெட்டியில் வருகிறது. கெட்டுப்போகக்கூடிய பொருளாக இருந்தால் எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்றும் போடச் சொல்கிறது அதே விதி. மாத்திரை அட்டையில் இரண்டு தேதியும் பார்த்துத்தானே வாங்குகிறோம்? டேப்பில் மட்டும் ஒரே தேதியோடு ஏன் நிறுத்த வேண்டும்? பெட்டியில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2022-இல் மின்னணுப் பொருட்களுக்குச் சில விவரங்களை க்யூஆர் குறியீட்டில் தரலாம் என்று நீங்களே தளர்த்தினீர்கள். ஆனால் இந்தத் தேதியைத் தயவுசெய்து க்யூஆருக்குள் ஒளித்துவிட வேண்டாம். கடையில் நின்றுகொண்டு யாரும் அதை ஸ்கேன் செய்து படிப்பதில்லை. விலைக்குப் பக்கத்தில், விலை அளவுக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இணையத்தில் விற்றால் அங்கேயும் விலைக்குப் பக்கத்தில்.

இது நடக்காத காரியம் என்று நிறுவனங்கள் சொன்னால் நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் செல்போனுக்கும் டேப்புக்கும் புதிய விதி வந்துவிட்டது. ஒரு மாடலைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் இயங்குதள அப்டேட் தர வேண்டும். கவனியுங்கள், வெளியிட்ட நாளிலிருந்து இல்லை, நிறுத்திய நாளிலிருந்து. தள்ளுபடியில் கடைசியாக வாங்குகிறவரையும் நினைத்து எழுதிய விதி அது. உதிரிபாகம் ஏழு வருடம் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை என்று நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் சிம் போட வழியில்லாத, வைஃபை மட்டும் உள்ள டேப்களைப் பொதுவாக அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். நம் ஊரில் அந்தத் தவறு நேரக் கூடாது. விலை குறைவு என்று வீடுகளில் தேடி வாங்குவது வைஃபை டேப்களைத்தான்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக நீங்கள் 2022-இல் குழு அமைத்தீர்கள், தளம் தொடங்கினீர்கள். செல்போன், மின்னணுச் சாதனங்களுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு, அதாவது பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்ற மதிப்பெண், தருவது பற்றி ஆராய்ந்த வேறொரு குழுவின் அறிக்கையும் 2025 மே மாதம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதில் மென்பொருள் அப்டேட்டும் ஒரு அளவுகோலாக இருப்பதை வரவேற்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கவலை. கழற்ற எளிதா, பாகம் கிடைக்குமா, அப்டேட் வருமா என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகக் கொடுத்தால், திருகாணி போட்டு நன்றாகச் செய்த ஒரு டேப் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அதன் அப்டேட் அடுத்த வருடமே நின்றாலும் அந்த மதிப்பெண் அதைக் காட்டாது. மதிப்பெண் இருக்கட்டும். அதோடு தேதியைத் தனியாகப் போடுங்கள்.

தேதி தெரிந்தால் மாற்றுவதா வேண்டாமா என்ற கணக்கு எவ்வளவு எளிதாகிவிடும் என்று பாருங்கள். போன வாரம் ஒருவர் டேப் ஒன்றைக் கொண்டுவந்தார். டிஸ்பிளே ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பேட்டரி உப்பியிருந்தது. ஓரங்களைச் சூடுபடுத்தி, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே விட்டு, டிஸ்பிளே ஒயரில் படாமல் ஒவ்வொரு பக்கமாகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி போய்விடும். பேட்டரியைக் கத்தியால் நெம்பினால் தீப்பிடிக்கும். பொறுமையாகச் செய்தால் அந்த டேப் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் செலவு செய்யலாமா? அப்டேட் 2028 வரை என்று பெட்டியில் இருந்தால், "தாராளமா போடுங்க" என்று சொல்லிவிடுவேன். போன வருடமே முடிந்தது என்றால், "வங்கிக் கணக்கு, மெயில் எல்லாத்தையும் இதிலிருந்து எடுத்துடுங்க, பாட்டு கேக்க, இறக்கி வெச்ச பாடத்தைப் பாக்க மட்டும் வெச்சுக்கலாம்னா போடலாம்" என்பேன். தேதி முடிந்த அன்றே டேப் செத்துவிடாது. அதற்குக் கொடுக்கும் வேலைதான் மாற வேண்டும். எக்ஸ்சேஞ்சில் போடுவதென்றால், ஒரு வருடமாவது மிச்சம் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். அடுத்து வாங்குகிறவருக்கும் அது உதவும், விலையும் கிடைக்கும்.

அப்புறம், மாற்றத் தேவையே இல்லாத டேப்களும் எக்ஸ்சேஞ்சில் போகின்றன. "ஸ்லோ ஆயிடுச்சு" என்று கொண்டுவருவார்கள். பார்த்தால் 32 ஜிபி ஸ்டோரேஜில் ஒரு ஜிபிகூட மிச்சம் இருக்காது. வேண்டாத வீடியோக்களையும் விளையாட்டுகளையும் அழித்தால் போதும். ஆனால் அதற்குள் விளம்பரம் வந்துவிடும், 'பழைய டேப்புக்கு இத்தனை ஆயிரம் வரை' என்று. அந்த 'வரை' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது, வீட்டு வாசலில் பழையதை எடுக்க வருகிறவர் கோடு இருக்கிறது, ஓரம் நசுங்கியிருக்கிறது என்று குறைப்பதுதான். புது டேப்பை அவர் கையில் பார்த்த பிறகு எத்தனை பேர் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்கள்? எந்தக் குறைக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை ஆர்டர் போடும்போதே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. தன் ஐபேட் பேட்டரி 1000 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைத்தது என்று ஆப்பிள் சொல்கிறது. 2024 முதல் சில ஐபேடுகளில் செட்டிங்ஸிலேயே பேட்டரி நிலையைப் பார்க்கலாம். எல்லா டேப்களிலும் இது வர வேண்டும். நல்ல பேட்டரி எங்களைப் போன்ற கடைகளுக்கும் கிடைக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் டெல்லியிலிருந்தும் எங்களுக்கு வருகிறவற்றில், மேலே ஒட்டிய எண் ஒன்று, உள்ளே இருக்கும் சக்தி வேறு. போட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது?

இதில் எனக்கு லாபம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. அப்டேட் மிச்சம் உள்ள டேப்களைப் பழுதுபார்க்க இன்னும் பலர் வருவார்கள். தேதி முடிந்த டேப்களைக் கொண்டுவருகிறவர்கள் வராமலும் போவார்கள். இரண்டுமே சரிதான். பழைய சரக்கு தேங்கிவிடும் என்று வியாபாரிகள் சொல்லலாம். தேங்காது, விலை குறையும். மிச்சம் ஒரு வருடம்தான் என்று தெரிந்தே ஒருவர் அந்த விலைக்கு வாங்கினால் அது நியாயமான வியாபாரம். நிறுவனங்கள் முன்கூட்டியே எப்படிச் சொல்வது என்று கேட்டால், குறைந்தபட்சத் தேதியைச் சொல்லட்டும். அதற்கு மேல் கொடுத்தால் யாரும் கோபப்படப் போவதில்லை.

பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கான அறிவிப்பு வரும்போதே, சட்டமுறை எடையளவு விதிகளில் இந்தத் தேதிக்கான திருத்தமும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிம் உள்ள டேப், இல்லாத டேப், இங்கே தயாரானது, இறக்குமதியானது என்று எதற்கும் விலக்கு வேண்டாம். வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது, பெருநகரங்களில் நிறுவனங்களோடு மட்டும் பேசாமல், எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களையும் அழையுங்கள். தமிழிலும் கருத்துச் சொல்ல இடம் கொடுங்கள். கூப்பிட்டால் கடையை ஒரு நாள் மூடிவிட்டு, திறந்து வைத்த டேப்களோடு வந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

மதுரையிலிருந்து,
செல்போன், டேப் பழுதுபார்ப்பவர் ஒருவர்