கதவோரத்து ஆள்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. மகள் பிளஸ் டூ தேறிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. அவளுக்கு மாமாவின் வாழ்த்தைச் சொல்.

மே மாதம் ஜைசல்மேர் பக்கம் போயிருந்தேன். பாலைவனத்தில் ஹெலிகாப்டர் இறக்கிப் பழகும் விமானப்படைக் குழுக்களைப் படமெடுக்க நாலு நாள் அனுமதி கிடைத்தது. தனுஷ்கோடி மணலில் புரண்டவனை எந்த மணல் என்ன செய்யும் என்ற தைரியத்தில் போனேன். அங்கே கிளம்புவது மாவு போன்ற புழுதி. முதல் நாளே லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் நறநறவென்றது. அப்புறம் வெட்டவெளியில் லென்ஸையே மாற்றவில்லை.

ஹெலிகாப்டர் தரையை நெருங்க நெருங்க அதன் விசிறிக் காற்று புழுதியைக் கிளப்பும். முதலில் வால் மறையும், அடுத்து கதவு, கடைசியில் விமானி அறை. அதற்குள் சக்கரம் தரையைத் தொட்டாக வேண்டும். முழுசாக மூடிவிட்டால், பக்கவாட்டில் நகர்கிறோமா என்பதுகூட விமானிக்குத் தெரியாது. நகர்ந்தபடியே சக்கரம் பட்டால் கவிழ்ந்துவிடும். அந்த நேரத்தில் அவருக்குக் கண், கதவோரம் தலையை வெளியே நீட்டியிருக்கும் ஆள்தான். புழுதி எதுவரை வந்திருக்கிறது, தரை இன்னும் எத்தனை அடி என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இரண்டு நாள் நான் ஹெலிகாப்டரையே எடுத்துத் தள்ளினேன். ஷட்டர் 1/2000 நொடி என்றால் விசிறி உறைந்து பொம்மைபோல் தொங்குகிறது. 1/125-க்கு இறக்கினால்தான் சுற்றுவது தெரிகிறது. மூன்றாம் நாள்தான் கதவோரத்து ஆளைப் பார்த்தேன். இறங்கி வந்து கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி மட்டும் தோல் நிறம், மற்றபடி முகமெல்லாம் மாவு. குரல் கட்டியிருந்தது. வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார். எனக்கு உங்கப்பா ஞாபகம் வந்துவிட்டது. தென்கடலில், தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டான பார் நெருங்கும்போது, வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நின்று கையாலேயே வழி காட்டுவாரே! பின்னால் சுக்கான் பிடிக்கிற சித்தப்பா தண்ணீரைப் பார்க்கவே மாட்டார், அந்தக் கையைத்தான் பார்ப்பார்.

விசிறியின் விளிம்பில் உலோகப் பட்டை உண்டு. மணல் உரசித் தெறிக்கும் துகள்கள் எரிந்து, இருட்டில் பொன் வளையம்போல் மின்னும். 2009-ல் ஆப்கானிஸ்தானில் அதைப் படமெடுத்த அமெரிக்கப் படக்காரர் மைக்கேல் யான், அந்த வெளிச்சத்துக்குக் காப், எட்செல்ஸ் என்று அந்தப் போரில் இறந்த இரண்டு வீரர்களின் பெயரைச் சூட்டினார். ஒரு படக்காரன் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

உச்சிப்புளித் தளத்து ஹெலிகாப்டர் இப்போதும் நம் பனங்காட்டுக்கு மேலேதான் போகிறது. சின்ன வயதில் கையசைத்துக்கொண்டே ஓடுவோமே, இப்போது என் கண் நேராகக் கதவுக்குத்தான் போகிறது.

கச்சான் காற்று ஓய்ந்து தென்கடல் அடங்கியதும் வா. உங்கப்பாவை அணியத்தில் நிற்க வைத்து எடுக்க வேண்டும். முட்டி வலி என்பார், நீ சொன்னால் கேட்பார். சித்தப்பாவிடம் வள்ளத்துக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

உன் மச்சான்