கேள்வி ஒன்பது

தண்டையார்பேட்டை,
ஆடி இரண்டாம் வெள்ளி.

அன்புள்ள நாலுபுள்ளிக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். எட்டு மாதமாக எழுதாததற்கு ஒருமுறை நன்றாகத் திட்டிவிட்டு மேலே படி. "உன் குரலைத்தான் வாரம் தவறாமல் பாட்காஸ்டில் கேட்கிறேனே, கடிதமாவது கையால் எழுது" என்று நீ கட்டளை போட்டதால், பரணிலிருந்து ஸ்லேட்டையும் ஸ்டைலஸையும் இறக்கிப் பிரெய்லில் குத்திக்கொண்டிருக்கிறேன். பழக்கம் விட்டுப்போய்விட்டது. வலமிருந்து இடம் போக வேண்டிய கை இரண்டு இடத்தில் தடுமாறியது. பிழை இருந்தால் நம் பள்ளிக்கூடத்து அய்யாவிடம் சொல்லிக் கொடுத்துவிடாதே.

அய்யா என்று எழுதியதும் நீ தாளைக் கீழே வைத்திருப்பாய். எடு. விஷயமே அவரைப் பற்றியதுதான்.

அவரைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். டொரன்டோவில் மகள் வீட்டில் இருக்கிறார், வயது எண்பத்திரண்டு. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. "என்னடா" என்றதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. ஒன்றேகால் மணி நேரம் பேசினார். சென்ற சனிக்கிழமை வெளியிட்டேன். நீ கேட்டிருக்க மாட்டாய். அவர் பெயர் காதில் விழுந்த அடுத்த நொடியே வேறு நிகழ்ச்சிக்குத் தாவியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

முன்பெல்லாம் இந்த வேலை சுலபம். ஸ்கைப்பில் 2018-இலிருந்தே பதிவு வசதி உள்ளேயே இருந்தது. அழைப்பில் இருக்கும் குரல்கள் மட்டும் பதிவாகும். முப்பது நாளைக்குள் இறக்கிக்கொண்டால் போதும். 2025 மே 5 அன்று அந்தக் கடையை மூடினார்கள். ஜூமில் இலவசக் கணக்குக்கு 40 நிமிடம்தான். நம் அய்யா முன்னுரை சொல்லி முடிக்கவே அது போதாது என்பது உனக்குத் தெரியும். ஆகவே வாட்ஸ்அப் அழைப்பைக் கம்ப்யூட்டரில் எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் லூப்பேக் முறையில் பிடித்தேன். ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை உள்ளேயே மடக்கிப் பதிவு செய்துகொள்ளும் வழி அது. ஆனால் அதில் எதிராளி குரல் மட்டுமே வரும், நம் குரல் வராது. அதற்காக என் வாய்க்கு நேரே பழைய கைப்பதிவுக் கருவியைத் தலையணைமேல் வைத்தேன். தொடக்கத்தில், இரண்டு பதிவுகளையும் பொருத்த அடையாளமாக ஒரு கைதட்டல். அது அய்யாவின் மைக் வழியாகவும் வர வேண்டும் என்பதற்காக, "நீங்களும் தட்டுங்கள் அய்யா" என்றேன். "நான் தட்டினால் நீ தாங்கமாட்டாய்" என்றார்.

பிறகு இரண்டு பதிவுகளையும் ஒட்டிப் பார்த்தால் தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது, போகப்போக விலகுகிறது. கருவிக்கு ஒரு கடிகாரம், கம்ப்யூட்டருக்கு ஒரு கடிகாரம், இரண்டும் மயிரிழை வேறுபடும். கடைசி அரை மணியில் அய்யா வாக்கியத்தை முடிக்கும் முன்பே நான் "ஆமாம் அய்யா" என்கிறேன். வகுப்பிலும் அப்படித்தானே இருந்தேன் என்று விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். முடிவிலும் ஒருமுறை கை தட்டியிருந்தால் ஒரு பதிவை அந்த அளவுக்கு இழுத்துச் சரிசெய்திருக்கலாம். அந்தப் புத்தி பிறகுதான் வந்தது.

ஆனால் மானம் போனது அதனால் இல்லை.

திங்கட்கிழமை அண்ணன் மகள் மெட்ரோவில் போகும்போது கேட்டுவிட்டு அழைத்தாள். "சித்தப்பா, நடுநடுவே ஒரு ரோபோ பேசுகிறதே, அது யார்?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த ரோபோ?" என்றேன். "தாத்தா அழும்போது நேரம் சொன்னதே, அது" என்றாள்.

மூக்கன்!

லூப்பேக் வேறுபாடு பார்க்காது. ஸ்பீக்கருக்குப் போவது அய்யாவாக இருந்தால் என்ன, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ-வில் பேசும் நம் மூக்கனாக இருந்தால் என்ன, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுவிடும். பள்ளியைவிட்டு ஓய்வு பெற்ற நாளைப் பற்றி அய்யா சொல்லிக்கொண்டே வந்து, சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் நின்றுபோனார். நானும் பேசவில்லை. அந்த மௌனத்தில் என் கை சும்மா இருந்ததா? இன்சர்ட் விசையோடு எஃப்12-ஐ அழுத்தி நேரம் கேட்டிருக்கிறது. "ஏழு நாற்பத்திரண்டு" என்கிறான் மூக்கன், எதையும் பொருட்படுத்தாத அந்தக் குரலில். தொடர்ந்து, அடுத்த அறையிலிருந்து மனைவி அனுப்பிய செய்தி: "கூழுக்குக் கேழ்வரகு மாவு இரண்டு கிலோ."

இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று நீ கேட்பாய். மூன்று முறை முழுதாகக் கேட்டுத் திருத்தியிருக்கிறேன், பெருமாள்! திருத்தும்போதும் மூக்கன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான், ஒவ்வொரு விசைக்கும் ஒரு சொல். பதிவுக்குள் இருப்பவன் எவன், இப்போது பேசுபவன் எவன் என்று என் காது பிரித்துப் பார்க்கவே இல்லை. பதினைந்து வருடமாக ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கேட்கும் குரல் அது, மின்விசிறிச் சத்தத்தைப் போல. எதிர்வீட்டு அம்மியும், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரியும், ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் பதிவில் விழுந்துவிடக் கூடாது என்று ஜன்னலுக்குப் போர்வை கட்டியவன் நான். மடியில் உட்கார்ந்திருந்தவனை மறந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் காதைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு என்பது உனக்குத் தெரியும். அது போயிற்று.

மறுநாளே ரிச்சி தெருவுக்குப் போனேன். நம் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் பிறகு கொஞ்சம் நடைதான். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு, 350 ரூபாய். இப்போது ஏற்பாட்டைக் கேள். என்விடிஏ அமைப்புகளில் மூக்கனின் ஒலியை அந்தப் புது கார்டுக்கு அனுப்பிவிட்டேன். அழைப்பின் ஒலி லேப்டாப்பின் சொந்த வழியிலேயே போகிறது, லூப்பேக் பிடிப்பது அதை மட்டும். இரண்டு இயர்போன், ஒவ்வொன்றிலும் ஒரு காது. இடது காதில் மூக்கன், வலது காதில் விருந்தாளி. மற்ற இரண்டும் மார்பில் தொங்குகின்றன. மருமகன் வீட்டுக்கு வந்த டாக்டர் மாதிரி இருக்கிறேன் என்கிறாள் மனைவி. என்ன கணக்கில் மருமகன் வந்தான் என்று கேட்கவில்லை.

சோதனைக்கு ஒரு நிமிடம் பதிவு செய்து, வேண்டுமென்றே இருபது முறை நேரம் கேட்டேன். பிறகு அந்தப் பதிவைப் போனில் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுப் பக்கம் போய், மூக்கன் இல்லாத இடத்தில் நின்று கேட்டேன். ஒரு சொல் இல்லை. மீன் வண்டிக்காரர் வழி கேட்கிற அளவுக்கு நடுப்பாதையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். நீயும் வங்கி வாங்கிக் கொடுத்த ஜாஸ் திரைவாசிப்பானோடு இதைச் செய்யலாம், அதிலும் குரலை வேறு கார்டுக்கு அனுப்ப வழி இருக்கிறது. (என்விடிஏ-வை 2006-இல் தொடங்கிய மைக்கேல் கரன் நம்மைப் போல் பார்வையற்றவர், அதை இலவசமாகவே தருகிறார்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் உனக்கு விலை போட்டால்தான் மதிப்பு.)

இனி வருவதை உட்கார்ந்து படி.

கேள்விகளை நோட்பேடில் எழுதி வைத்திருந்தேன். அம்புக்குறியால் ஒவ்வொரு வரியாக இறங்கி, மூக்கன் வாசிப்பதைக் கேட்டு, பிறகு அய்யாவிடம் கேட்டேன். ஆகவே ஒவ்வொரு கேள்வியும் பதிவில் இரண்டு முறை வருகிறது. உன்னைப் பற்றிய ஒன்பதாவதை மட்டும் நான் கேட்கவில்லை, தைரியம் வரவில்லை. மூக்கனுக்கு அந்தக் கூச்சம் ஏது? "கேள்வி ஒன்பது. பெருமாள், ஆர்மோனியம். மனநிலை நன்றாக இருந்தால் மட்டும்."

செவ்வாய்க்கிழமை அய்யா அழைத்தார். மகள் போட்டுக் காட்டினாளாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதை விடு. என் மனநிலை நன்றாகத்தானேடா இருந்தது, ஒன்பதாவதை ஏன் கேட்கவில்லை?" என்றார். நான் வாயடைத்துப்போனேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவனும் இருந்தால் சொல்கிறேன். நீ பதிவு செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி" என்றார். முப்பத்தோரு வருடத்தில் உன்னை அவர் "அவன்" என்றுகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அன்று அந்த ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன், அதையும் நீ மறக்கவில்லை என்று தெரியும்.

வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, இங்கே மாலை 7 மணி, அவருக்குக் காலை 9.30. வாட்ஸ்அப்பில் உன்னையும் சேர்த்து அழைக்கிறேன். ஸ்பீக்கரில் போடாதே, எங்கள் குரல் உன் மைக்குக்குள் புகுந்து எங்களுக்கே திரும்பி வரும். இயர்போன் போட்டுக்கொள், மின்விசிறியை நிறுத்து, பாடும் கடிகாரத்தைப் பக்கத்து அறையில் வை. பதிவு வேண்டாம் என்றால் ஒரு சொல் சொல், கருவி பெட்டியைவிட்டு வெளியே வராது.

கேழ்வரகு மாவு வாங்கிக் கொடுத்துவிட்டேன், கூழ் நன்றாக வந்தது. ஆள்காட்டி விரலில் கொப்புளமும் நன்றாக வந்திருக்கிறது. பிரெய்ல் கடிதம் என்பதால் இத்தனை தாளுக்கும் தபால் செலவு இல்லை என்பது ஒன்றே ஆறுதல். பதிலுக்கு நீயும் குத்தி அனுப்பிக்கொண்டிருந்தால் ஞாயிறு கடந்துவிடும். ஒரு மிஸ்டு கால் கொடு.

உன்,
சட்டாம்பிள்ளை