மாநிலம் மாறும்போது வீட்டில் இருக்கும் துப்பாக்கி: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வேலை மாறி ஊர் மாறி வருகிறவர்களுக்கு நீங்கள் செய்யும் உதவி பெரிது. எந்தப் பள்ளி மாவட்டம் நல்லது, கோயில் எங்கே, தமிழ்ப் பள்ளியில் எப்போது சேர்க்கை என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் அடுப்பில் பால் பொங்குவதற்குள் பதில் வந்துவிடுகிறது. ஒரு கேள்வியை மட்டும் யாரும் பொதுவில் கேட்பதில்லை. "டெக்சாஸில் முறைப்படி வாங்கிய துப்பாக்கி இருக்கிறது. நியூ ஜெர்சிக்கு எப்படிக் கொண்டு வருவது?" தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள்.

நம்மவர் வீட்டில் துப்பாக்கியா என்று நாலு பேர் பேசுவார்களே என்ற கூச்சம்தான் காரணம். வைத்திருப்பது சரியா தவறா என்பதைப் பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். டாலஸ், ஹூஸ்டன், பீனிக்ஸ் பக்கம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, அவர்களுக்கும் வேலை மாறும் என்பது மட்டும் இங்கே போதும். கூச்சத்தால் கேட்காமல் விட்டால் அவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் சாதாரணமானதல்ல.

நியூ ஜெர்சியில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். கொலராடோவில் சட்டப்படி கைத்துப்பாக்கிகள் வாங்கிய ஓர் இளைஞர் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தார். 2009-ல் போலீஸார் சோதித்தபோது அவை கார் டிக்கியில் இருந்தன. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிமாறும்போது எடுத்துச் செல்ல அந்த மாநிலச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் அவர் அப்போது உண்மையிலேயே குடிமாறிக்கொண்டிருந்தாரா என்பதில் நீதிபதிக்குத் திருப்தி இல்லை. அந்த விலக்கு ஜூரியின் பரிசீலனைக்கே போகவில்லை. 2010-ல் 7 ஆண்டு சிறைத் தண்டனை. அந்த ஆண்டு டிசம்பரில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்ததால்தான் வெளியே வந்தார். வாங்கியதில் குற்றமில்லை. எங்கிருந்து எங்கே, எப்போது குடிமாறினார் என்பதை நிலைநாட்டுவதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, ஒருவர் எப்போது ஒரு மாநிலத்தில் வசிப்பவர் ஆகிறார்? ஃபெடரல், அதாவது நாடு முழுமைக்குமான மத்திய அரசின் விதிப்படி, வீடு அமைத்துத் தங்கும் எண்ணத்தோடு அங்கே இருந்தால் போதும். இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை. இரண்டு மாநிலத்தில் வீடு இருந்தால், எங்கே இருக்கிறாரோ அப்போது அந்த மாநிலத்துக்காரர். கணவர் சியாட்டிலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை குடும்பம் ஆஸ்டினில் இருக்கும் நம் வழக்கமான ஏற்பாட்டுக்கு இது ஓரளவு பொருந்தும்.

எண்ணம் மனசுக்குள் இருப்பது. கடைக்காரருக்கு வேண்டியது காகிதம். புதிய ஊரில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கவோ, பழைய ஊரிலிருந்து கடை வழியாக வந்ததைப் பெற்றுக்கொள்ளவோ போனால், பெயர், பிறந்த தேதி, புகைப்படம், இப்போதைய வீட்டு முகவரி உள்ள அரசு அடையாள அட்டை வேண்டும். டிரைவர் லைசென்ஸில் பழைய முகவரி இருந்தால், புது முகவரியோடு அரசு கொடுத்த இன்னொரு ஆவணத்தை, உதாரணமாக வண்டிப் பதிவுச் சான்றைச் சேர்த்துக் காட்டலாம் என்று துப்பாக்கி விவகாரங்களைப் பார்க்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப் 2001-லேயே அனுமதித்திருக்கிறது. தனியார் கம்பெனியின் கரண்ட் பில் அந்த இடத்தை நிரப்பாது. கலிஃபோர்னியாவிலோ கைத்துப்பாக்கி வாங்க லைசென்ஸ் மட்டும் போதாமல், மூன்று மாதத்துக்குள் வந்த கரண்ட், தண்ணீர், காஸ் பில் அல்லது இரு தரப்பும் கையெழுத்திட்ட லீஸ் போல ஒன்றையும் கேட்பார்கள். செல்ஃபோன் பில் செல்லாது.

நம் குடும்பங்கள் இடறுவது இங்கேதான். வந்த புதிதில் நண்பர் வீட்டு மாடியிலோ கம்பெனி கொடுத்த தற்காலிக வீட்டிலோ தங்கல். பிறகு லீஸ் ஒருவர் பெயரில், எல்லா பில்லும் அதே பெயரில். துப்பாக்கி மனைவி பெயரில் இருந்தால், அந்த வீட்டில் அவர் வசிக்கிறார் என்பதற்கு அவர் கையில் ஒரு தாள்கூட இருக்காது. லீஸில் இரண்டு பெயரையும் போடச் சொல்லுங்கள், செலவில்லாத வேலை.

அப்புறம் கெடு நாள். மாநிலத்துக்கு மாநிலம் நாள் மட்டுமல்ல, எதிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதும் மாறுகிறது. கலிஃபோர்னியாவில் துப்பாக்கி மாநில எல்லைக்குள் வந்ததிலிருந்து 60 நாளுக்குள் மாநில நீதித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லினாயில் அந்த மாநில டிரைவர் லைசென்ஸோ அடையாள அட்டையோ வாங்கியதிலிருந்து 60 நாளுக்குள் துப்பாக்கி உரிமையாளர் அட்டை. மேரிலாந்தில் கைத்துப்பாக்கியைப் பதிய, குடியேறியதிலிருந்து 90 நாள். நியூ ஜெர்சி 2022-ல்தான் வெளிமாநிலத் துப்பாக்கிகளைப் பதியும் விதியைக் கொண்டு வந்தது. அங்கே 60 நாள். ஹவாயில் வெறும் 5 நாள்! நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்குச் சலுகை நாளே கிடையாது. உரிமம் கைக்கு வந்த பிறகே அது உள்ளே வரலாம். ஆகவே அதுவரை பழைய மாநிலத்திலேயே உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்துவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

இந்தக் கெடு நாள் துப்பாக்கியோடு வரும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம். டெக்சாஸில் வாங்கும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியோடு பெரும்பாலும் 15, 17 தோட்டா கொள்ளும் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடு, வரும். கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் 10-க்கு மேல் கொள்ளும் மேகசின் தடை. அதைப் பதிந்து வைத்துக்கொள்ள வழி இல்லை, கிளம்பும் முன்பே கழித்துக்கட்ட வேண்டும்.

"வழியில் எந்த மாநிலத்திலும் பிடிக்க மாட்டார்கள், ஃபெடரல் பாதுகாப்பு இருக்கிறது" என்று சொல்லும் அண்ணன்கள் எல்லா ஊரிலும் உண்டு. 1986-ல் வந்த அந்தப் பாதுகாப்பு, புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டிலும் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருந்தால்தான். தோட்டா நிரப்பாமல், உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி. முன்பக்க டிராயர் ஆகாது. மூவர்ஸிடம் சாமான்களோடு அனுப்புவதானால் உள்ளே துப்பாக்கி இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நமக்கு மட்டுமே உரிய இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எச்-1பி என்ற வேலை விசா, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4, விசிட்டர் விசா ஆகியவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டத்தில் பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர் போன்ற சிலருக்கே விலக்கு. ஆகவே அது இருக்கும் வண்டியை எச்-4-இல் இருக்கும் மைத்துனரிடம் கொடுத்து ஓட்டி வரச் சொல்லாதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர் வைத்திருக்கலாம்; ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அதுவே நாடு கடத்தக் காரணமாகிவிடும். பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு வழக்குச் செலவோடு முடியக்கூடியது, நமக்கு இருபது வருட வாழ்க்கையைப் பெயர்த்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் அரைகுறைப் பதிலை நம்பி யாரையும் அனுப்பக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதியவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் கையேட்டில் உங்கள் மாநிலச் சட்டத்தைச் சொல்லும் ஒரு பக்கம். வருமான வரி, உயில் பற்றிக் கூட்டம் போடுகிறோமே, அதுபோல வருடத்துக்கு ஒரு முறை இதற்கும் ஒரு வழக்கறிஞரை அழைத்து, கேள்விகளைப் பெயரில்லாமல் எழுதிக் கொடுக்கவிடுங்கள். பக்கத்தின் முதல் வரைவைத் தமிழில் எழுதித்தர நான் தயார். உங்கள் மாநிலத்துக்கு அதைச் சரிபார்க்க ஒரு வழக்கறிஞரை மட்டும் நீங்கள் பிடித்துக் கொடுங்கள். கோடை விடுமுறையில்தான் பெரும்பாலானோர் வீடு மாறுகிறார்கள், ஏப்ரலுக்குள் சொன்னால் வசதி.

அன்புடன்,
டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த ஒரு சங்க உறுப்பினர்