நீ உட்கார்ந்தே பேசுகிறாய்

அன்புள்ள தம்பிக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. "எல்லாம் நல்லா இருக்கும்மா, அப்பா மாத்திரை போட்டாரா, அக்கா வந்தாளா" என்று நீயே கேட்டு, பதில் முடிவதற்குள் "பயிற்சிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். இந்தக் கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, முழுக்கப் படி.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா வீட்டு விஷயம் நீ சொன்ன மாதிரியே ஆனது, மீதியை அவளே சொல்வாள். உன் புது வீடு மூன்றாவது மாடி என்றாயே, லிஃப்ட் இருக்கிறதா? படி ஏறித்தான் போகிறாயா?

இந்த வயதில் வெளிநாட்டு ஃபுட்பால் கிளப் ஒன்று தானாக வந்து உன்னைக் கூப்பிட்டதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். "இனிமேல் அவனை யார் கூப்பிடப் போகிறார்கள்" என்று சொன்ன பெரிய மாமாதான் இப்போது உன் புது ஜெர்சி போட்டோவை வழியில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். காட்டட்டும். அவர் அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை.

அப்பா அந்தப் பிரேசில் ஆட்டக்காரர் தியாகோ சில்வாவை விடுவதாக இல்லை. 2020-இல், 36 வயதாக ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் சேர்ந்தார், அடுத்த மே மாதமே ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை, 39 வயது வரை அங்கேயே ஆடினார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்பிக்கிறார். அவரும் உன்னைப் போல ஸ்டாப்பர், கீப்பருக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவர் என்பதில் அப்பாவுக்குக் கூடுதல் சந்தோஷம். சரி, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே ஃபைனலில் அவர் முதல் பாதியிலேயே அடிபட்டு வெளியே வந்ததை அப்பா சொல்வதே இல்லை. வலியை மறைத்துக்கொண்டு நிற்கவில்லை, வெளியே வந்தார். பதிலுக்கு இறங்கியவர் மிச்ச ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டார். கோப்பை எல்லோருக்கும்தான் கிடைத்தது. அதே மனுஷன் 2005-இல், இருபது வயதில், மாஸ்கோவில் காசநோய் வந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். வெளிநாட்டில் ஆடப் போன பிள்ளை. எனக்கு அந்தக் கோப்பையைவிட இதுதான் மனதில் நிற்கிறது.

அந்த ஊர்ப் பாஷை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? ஃபார்வர்டு ஆடுகிறவன் வாயை மூடிக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். ஸ்டாப்பருக்கு அது முடியாது. பாதி ஆட்டமே சத்தம் போடுவதுதான், பின்னால் ஆள் வருகிறான், ஏறி நில், பந்தை விடு, கீப்பர் எடுப்பான் என்று. இது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன் தொண்டை கட்டிப்போய் நான் எத்தனை ராத்திரி வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஆட்டத்தைப் பார்த்தால் நீ கையைக் காட்டுகிறாய், வாய் திறப்பதே இல்லை. அந்த இருபது வயதுப் பையன், உன் பக்கத்தில் ஆடுகிறவன், ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பி உன்னைப் பார்க்கிறான். அவனிடமே உட்கார்ந்து மைதானத்தில் வேண்டிய சொற்களை மட்டும் கற்றுக்கொள். இலக்கணம் அப்புறம் பார்க்கலாம். காயத்தைப் பார்க்கிற பிசியோவிடம் பேசவும் சில சொற்கள் வேண்டும். குத்துகிறது, மரத்துப்போகிறது, வீங்கியிருக்கிறது, இதற்கெல்லாம் என்ன சொல்வது என்று தெரிந்துவைத்துக்கொள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

போன ஆட்டத்தில் உன்னை 80-ஆவது நிமிடத்துக்கு மேல் இறக்கினார்கள். ஒரு கோல் முன்னால் இருக்கும்போது காப்பாற்றுவதற்கு அனுபவசாலியை இறக்குவது வழக்கம்தான், அதிலும் இப்போது ஐந்து பேரை மாற்றலாம், எனக்கும் விதி தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பதினொன்றாம் நம்பர் உள்ளே வெட்டினானே, அப்போது நீ திரும்பினதைத்தான் பார்த்தேன். இடது காலை ஒரு தடவை ஊன்றிச் சுழலுகிறவன் நீ. அன்றைக்குக் குட்டிக் குட்டியாக மூன்று நாலு எட்டு வைத்துத் திரும்பினாய். கேமரா கோணம் அப்படி என்கிறார் அப்பா. இருக்கலாம், அவருக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறதே.

இன்னொன்று. முன்பெல்லாம் போனை எடுத்தால் நடந்துகொண்டேதான் பேசுவாய். ஒரு இடத்தில் நில்லுடா, தலை சுற்றுகிறது என்று நான் திட்டுவேன். இப்போது எப்போது கூப்பிட்டாலும் அதே நாற்காலியில் இருக்கிறாய், முகம் மட்டும் தெரிகிறது. குழந்தை "அப்பா, வீட்டைச் சுத்திக் காட்டுங்க" என்று கேட்டதற்கு "நாளைக்கு" என்றாய். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் ஒப்பந்தத்தில், இத்தனை ஆட்டம் ஆடினால் இன்னொரு வருடம் தானாக நீளும் என்று ஒரு ஷரத்து இருப்பது எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, உன் அண்ணன் சொன்னான், அவனைக் கோபித்துக்கொள்ளாதே. வயதான ஆட்டக்காரர்களுக்கு இப்படித்தான் எழுதுவார்களாம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது எவன் பிசியோவிடம் உண்மையைச் சொல்வான்? பொதுவாகத்தான் சொல்கிறேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபிஃபா விதிகளைப் படித்தார். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எந்த கிளப்பும் நிபந்தனை போட முடியாது. சீசன் நடுவில் ஒரு தரப்பு மட்டும் இஷ்டத்துக்கு ஒப்பந்தத்தை முறிக்கவும் கூடாது. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பார்த்துவிட்டு, ஆட்டக்காரனே விலகிக்கொள்ளலாம். ஆகவே ஒரு முட்டி வீங்கியதற்காக உன்னை நாளைக்கே பெட்டி கட்ட வைக்க முடியாது. அடுத்த வருடம் கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான். போகட்டுமே.

சுற்றி வளைத்து எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

பாடிஸ்டுடா உனக்கு ஞாபகம் இருக்கும், உன் அறைச் சுவரில் போட்டோவாக இருந்த அர்ஜென்டினா ஃபார்வர்டு. அவரும் 2003-இல், 34 வயதில், கத்தாரில் அல் அரபி கிளப்புக்குப் போனார். அங்கேயும் கோலாக அடித்துத் தள்ளினார். 2005-இல் ஆட்டத்தை விட்டார். அப்புறம் கணுக்கால் வலி தாங்காமல், படுக்கையிலிருந்து எழுந்து பக்கத்திலிருக்கும் கழிவறைக்குப் போகக்கூட முடியாமல், காலை வெட்டிவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டதாக அவரே பேட்டியில் சொன்னார். கேட்டால் குருத்தெலும்பு தேய்ந்துபோயிருக்கிறது. தேய்ந்தது தானாக வளராது, ஊசி வலியைத்தான் மறைக்கும். அப்பாவிடம் இந்தக் கதையை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

நீ ஆடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்கிறவர்கள் வேறு, அவர்களை உனக்கே தெரியும். ஜப்பானில் மியூரா ஐம்பதைத் தாண்டியும் ஆடுகிறார், 2023-இல் போர்ச்சுகல் கிளப்புக்கே போனார், நானும் படிக்கிறேன். உன்னால் முடிகிறவரை ஆடு. ஆனால் முடிகிறதா என்பதை ஸ்கேன் சொல்லட்டும், நீ சொல்லாதே. நீ சொன்ன லட்சணம் எனக்குத் தெரியும். அந்த செமி ஃபைனலுக்கு முந்தின நாள் "லேசான பிடிப்பும்மா" என்றவன் நீதானே.

மருமகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பள்ளி முடிந்ததும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் வந்து கண்டுபிடிப்பதற்குள் நீயே சொல்லிவிடுவது உனக்கு நல்லது.

கிளப் டாக்டரிடம் எம்ஆர்ஐ எடுக்கச் சொல். ரிப்போர்ட்டை எனக்கு அனுப்ப வேண்டாம், எனக்குப் புரியாது, உனக்கு முதல் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு அனுப்பு. அவர் நம்பரை அண்ணன் உனக்கு மெசேஜ் பண்ணியிருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. இல்லையென்றால் மருமகளுக்கு நானே போன் செய்துவிடுவேன்.

அம்மா