மார்பகக் கட்டிக்கு ஒரே நாளில் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு ஒரு வழியே ஏறத்தாழ 170 கி.மீ. மார்பில் கட்டி என்று வரும் பெண்ணுக்கு ஸ்கேனுக்கு ஒரு தேதி, ஊசிக்கு ஒரு தேதி, ரிப்போர்ட்டுக்கு ஒரு தேதி என்று பிரித்துக் கொடுத்தால், கடல்பாசி பறிக்கவும் கருவாட்டு வேலைக்கும் போய் அன்றாடம் பிழைப்பவர் மூன்றாவது தேதிக்கு வரமாட்டார். அதை அலட்சியம் என்பது அநியாயம். போகிற கூலியும் பஸ் காசும்தான் காரணம்.

முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையால் பரிசோதனை, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அல்லது அல்ட்ராசவுண்ட், ஊசியால் கட்டியிலிருந்து துணுக்கு எடுக்கும் கோர் பயாப்சி மூன்றையும் மாவட்டத்திலேயே ஒரே நாளில் முடிக்க, வாரத்தில் ஒரு நாளை நிலையாக ஒதுக்க வேண்டும். திங்கள் அல்லது செவ்வாய்தான் தோது. காரணம், துணுக்கு கெடாமல் காக்கும் திரவமான பார்மலின். எடுத்த துணுக்கை உடனே 10 சதவீத பார்மலினில், துணுக்கைப் போல் பத்து மடங்கு அளவில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். சலைனில் (உப்பு நீரில்) போட்டாலோ, விடுமுறைக்கு முந்தைய மாலையில் எடுத்து மேசையிலேயே வைத்துவிட்டாலோ எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்2 பரிசோதனைகள் தப்பாக வரும். ஹார்மோன் மாத்திரையால் பிழைக்க வேண்டியவருக்கு அந்த மாத்திரையே எழுதப்படாமல் போகும். பார்மலினில் போட்ட நேரத்தைப் புட்டியின் மேலேயே எழுதுங்கள்.

கதிர்வீச்சிலும் பலருக்கு 25 தடவைக்குப் பதில் 15 தடவை, மூன்றே வாரத்தில் போதும், பலன் குறையாது. நோயாளிக்கு இரண்டு வார அறை வாடகை மிச்சம், மெஷினில் அடுத்தவருக்கு இடம்.

கீமோ போட்டு ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மருந்தின் பெயரும் போட்ட தேதியும் எழுதிய அட்டை அந்தப் பெண்ணின் கையில் இருந்தால்தான் இது நடக்கும்.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்ணும் மரிக்கொழுந்து பாசி பறிக்கக் கடலில் இறங்கத்தான் செய்வார். துணி சுற்றிய விரலையும் கடலடிப் பார்க்கல் (பாறை) கீறிவிடும். அந்தப் பக்கக் கையில் சின்னக் கீறல் சீழ் பிடித்தாலும் கை நிரந்தரமாக வீங்கிவிடலாம். "கைக்கு வேலை கொடுக்காதீங்கம்மா" என்று சொல்லி அனுப்புவதால் பயனில்லை. கெட்டியான கையுறை போடவும், கீறினால் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி மூடவும், சிவந்து சூடானால் அன்றைக்கே வரவும் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக, தமாக்சிபென் என்னும் ஹார்மோன் மாத்திரை. தினம் 20 மில்லிகிராம், குறைந்தது ஐந்து ஆண்டு. தீர்ந்து போனதும் நிறுத்திவிடுகிறார்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தப் பையில் இதையும் சேர்க்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்